ஃபெரான் கொரோமினாஸ்: ஒரு கோலும் நாற்பத்தெட்டு கோல்களும்

ஃபெரான் கொரோமினாஸ் தெலெச்சேயா, ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியைச் சேர்ந்த கால்பந்து முன்கள வீரர். 1983 ஜனவரி 5 அன்று ஜிரோனா மாகாணத்தில் உள்ள விலோபி தொன்யார் என்னும் சிற்றூரில் பிறந்தார். ரசிகர்களுக்கு அவர் 'கோரோ'. ஸ்பெயினில் ஐந்து கழகங்களிலும், பின்னர் சைப்ரஸிலும், இந்தியாவில் கோவா அணியிலும் ஆடினார். ஸ்பெயினின் முதன்மை தேசிய அணிக்கு அவர் ஒருமுறைகூட அழைக்கப்பட்டதில்லை.

கால்பந்து வரலாற்றை நாம் பெரும்பாலும் உச்சியில் நின்றவர்களைக் கொண்டே படிக்கிறோம். ஆனால் அந்த ஆட்டத்தைத் தாங்கி நிற்பவர்கள் ஊர் ஊராக, கழகம் கழகமாக மாறி உழைக்கும் வீரர்கள்தாம். அவர்களில் ஒருவரை எடுத்துப் பார்க்க விரும்பினால், கோரோவைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. ஸ்பெயினில் அவர் பெயர் நிலைத்திருப்பது முக்கியமாக ஒரே ஒரு கோலால். இந்தியாவில் நிலைத்திருப்பது 57 ஆட்டங்களில் அடித்த 48 கோல்களால். முதலாவது ஒரு கழகத்தைக் கீழ்ப்பிரிவுக்கு விழாமல் காத்தது. இரண்டாவது தொகை, கீழ்ப்பிரிவுக்கு விழுவது என்ற பேச்சே இல்லாத ஒரு லீக்கில் சேர்ந்தது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவரைப் பற்றித் தவறான முடிவுக்கே வருவோம்.

எஸ்பன்யோல்

பார்சிலோனா நகரில் இரண்டு பெரிய கழகங்கள் உண்டு. ஒன்றை உலகமே அறியும். மற்றொன்று 1900 இல் தொடங்கப்பட்ட எஸ்பன்யோல். அண்டை வீட்டுக்காரரின் புகழ் வெளிச்சத்தில் எப்போதும் நிழலாகவே இருந்து பழகிய கழகம் அது. 1997 இல் தன் பழைய சாரியா மைதானத்தையும் இழந்தது. அதன்பின் 1992 ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மொன்ட்யூயிக் குன்றின் அரங்கத்தில் பல ஆண்டுகள் ஆடியது. ஓட்டப் பாதை சுற்றி அமைந்த அந்தப் பெரிய அரங்கில் பார்வையாளர்கள் புல்வெளிக்கு வெகுதூரம் தள்ளியே அமர வேண்டியிருந்தது.

இந்தக் கழகத்தின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர் கோரோ. இருபது வயதை ஒட்டி முதன்மை அணிக்கு வந்தார். அங்கே நடுமுன்கள இடம் ராவுல் தமூதோவுக்கு உரியது. தமூதோ கழகத்தின் தலைவர், அதன் வரலாற்றிலேயே மிக அதிகமாக கோல் அடித்தவர்களில் ஒருவர். லூயிஸ் கார்சியா இன்னொரு பக்கம். ஆகவே கோரோவுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஓரத்து இடம், அல்லது மாற்று வீரராக இறங்கும் இருபது நிமிடங்கள். உயரமானவர் அல்லர், தலையால் முட்டி வெல்லும் வகை வீரரும் அல்லர். எதிரணித் தடுப்பாளர்களின் கண் விலகும் நொடியில் பெட்டிக்குள் நுழைந்துவிடுவதே அவருடைய திறமை. இந்தத் திறமைக்கு ஒரு குறை உண்டு. பந்தைச் சரியான இடத்தில் கொண்டுவந்து கொடுக்க யாராவது இருந்தால்தான் அது வெளியே தெரியும்.

2006 ஆம் ஆண்டு எஸ்பன்யோலுக்கு விசித்திரமான ஆண்டு. ஏப்ரல் 12 அன்று மாட்ரிட்டின் பெர்னபேயு அரங்கில் நடந்த அரசர் கோப்பை இறுதியில் சரகோசாவை 4–1 என்று வென்றது. அந்த நான்கில் ஒன்று கோரோ அடித்தது. கழகத்தின் நான்காவது அரசர் கோப்பை அது. கோப்பையைத் தூக்கிய அதே அணி, லீக் பட்டியலில் அடிமட்டத்துக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே மாணவர்களுக்காக லீக்கின் அமைப்பைச் சொல்லிவிடுவது நல்லது. ஸ்பெயினின் முதற்பிரிவில் 20 கழகங்கள். ஒவ்வொன்றும் 38 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. கடைசி மூன்று இடங்களில் நிற்பவை அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும். இது வெறும் மானப் பிரச்சினை அல்ல. தொலைக்காட்சி வருமானம் சரிந்துவிடும். நல்ல வீரர்களை விற்க நேரும். அலுவலக ஊழியர், புல்வெளியைப் பராமரிப்பவர் வரை வேலை இழக்கக்கூடும். இறங்கிய கழகங்கள் சில ஒரே ஆண்டில் திரும்பி வந்துள்ளன. சில பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மீளவில்லை. கோப்பையை வெல்லாமல் போனால் வருத்தம். லீக்கில் இறங்கினால் அது வாழ்வாதாரத்தின் மேல் விழும் அடி.

2006 மே 13. கடைசிச் சுற்று. மொன்ட்யூயிக்கில் எஸ்பன்யோலுக்கு எதிரணி ரியல் சொசியதாத். ஆட்டம் சமனில் முடிந்தால் எஸ்பன்யோல் இறங்கும், அலாவேஸ் தங்கும் என்ற நிலை. தொண்ணூறு நிமிடங்கள் முடிந்தும் கோல் இல்லை. கூடுதலாகக் கொடுக்கப்பட்ட நேரத்தில், 91 ஆம் நிமிடத்தில், கோரோ பந்தை வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 1–0. எஸ்பன்யோல் 41 புள்ளிகளுடன் தப்பியது. 39 புள்ளிகளுடன் அலாவேஸ், காடிஸ், மாலகா ஆகிய கழகங்களோடு இறங்கியது. எஸ்பன்யோல் ரசிகர்களிடம் இன்றும் 'கோரோவின் கோல்' என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. ஆண்டையோ எதிரணியையோ சொல்ல வேண்டியதில்லை.

அலாவேஸ் ரசிகர்களுக்கும் அந்த நிமிடம் மறந்திருக்காது. ஒருவரின் மீட்பு இன்னொருவரின் வீழ்ச்சி. இந்த ஏற்பாட்டின் கொடுமையும் கவர்ச்சியும் அதுவே.

அந்த ஒரு கோலின் பயனை மறு ஆண்டிலேயே பார்க்க முடிந்தது. அரசர் கோப்பையை வென்றதால் எஸ்பன்யோலுக்கு யூஏஃபா கோப்பையில் இடம் கிடைத்திருந்தது. முதற்பிரிவில் தங்கியதால் அணி கலையாமல் இருந்தது. எர்னெஸ்தோ வால்வெர்தே பயிற்சியாளராக வந்தார். அணி அந்தக் கோப்பைப் போட்டி முழுவதிலும் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அரையிறுதியில் ஜெர்மனியின் வெர்டர் பிரெமனை அவர்கள் மண்ணிலேயே 2–1 என்று வென்றது. அந்த இரண்டில் ஒன்று கோரோவுடையது. 2007 மே 16 அன்று கிளாஸ்கோவில் நடந்த இறுதி ஆட்டம் செவியாவுடன் 2–2 என்று சமனில் முடிந்தது. பெனால்டி உதைகளில் செவியாவின் கோல்காப்பாளர் பாலோப் மூன்றைத் தடுத்தார். தோல்வியே காணாமல் கோப்பையை இழந்த அணி என்ற பெயர் எஸ்பன்யோலுக்கு எஞ்சியது.

2009 ஆகஸ்டில் கழகம் கோர்னெயா எல் பிராட்டில் தன் சொந்தப் புதிய அரங்கத்தைத் திறந்தது. திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அணித்தலைவர் தானி ஹார்க்கே, இத்தாலியில் பயிற்சி முகாமில் இருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வயது 26. அவரும் கோரோவும் ஏறக்குறைய ஒரே வயதினர், ஒரே கழகத்தின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர்கள். அந்த இழப்பிலிருந்து எஸ்பன்யோல் மீள நெடுநாள் ஆனது.

இரவல் வீரர், இடம் மாறும் வீரர்

தன் நாட்டில் பிறகு வந்த ஆண்டுகள் கோரோவுக்குப் பெரிய செய்திகள் இல்லாதவை. இடையில் பம்ப்லோனா நகரின் ஒசாசுனாவுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். இரவல் என்பது கால்பந்தில் வழக்கமான ஏற்பாடு: வீரரின் ஒப்பந்தம் சொந்தக் கழகத்தோடு இருக்கும், ஆட்டமும் சம்பளத்தின் ஒரு பகுதியும் வேறு கழகத்தோடு. கழகத்துக்கு இது கணக்குச் சரிசெய்தல். வீரருக்கு வீடு மாற்றம், பிள்ளைகளின் பள்ளி மாற்றம், புதிய பயிற்சியாளரிடம் முதலிலிருந்து தன்னை நிரூபிப்பது. முப்பதை நெருங்கும் முன்கள வீரருக்கு இது மேலும் கடினம். ஆண்டுக்கு இருபது கோல் அடிப்பவரைத் தேடிப் போவார்கள். ஐந்தாறு அடிப்பவர் தாமாகத் தேடிப் போக வேண்டும்.

2012 இல் தன் சொந்த மாகாணத்துக்கே திரும்பினார். அப்போது ஜிரோனா இரண்டாம் பிரிவில் ஆடியது. அந்த ஆண்டு முதற்பிரிவுக்கு ஏறும் வாய்ப்பை எட்டிப்பிடித்து, தகுதிச்சுற்றின் இறுதியில் அல்மேரியாவிடம் தோற்றது. அடுத்து எல்ச்சே. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் முதற்பிரிவுக்குத் திரும்பியிருந்த கழகம் அது. இரண்டு ஆண்டுகள் அங்கே தாக்குப்பிடித்து ஆடினார்கள். 2015 இல் எல்ச்சே 13 ஆம் இடத்தில் முடித்தது. ஆட்டக் கணக்குப்படி அச்சமே இல்லாத இடம். ஆனால் வரிப் பாக்கியும் கடனும் சேர்ந்து, லீக் நிர்வாகம் அந்தக் கழகத்தை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. களத்தில் இறங்க வேண்டியிருந்த எய்பார் அதனால் தங்கிவிட்டது.

ஒரு கோலால் தன் கழகத்தை இறக்கத்திலிருந்து காத்த மனிதர், எந்தக் கோலாலும் தடுக்க முடியாத ஓர் இறக்கத்தையும் அணியின் உள்ளே இருந்தே பார்த்தார். கோரோவின் வரலாற்றில் எனக்கு மிகவும் ஆழமாகத் தெரியும் இடம் இது. புள்ளிப்பட்டியலைப் பார்த்து கால்பந்தைப் புரிந்துகொண்டோம் என்று நினைப்பவர்கள் எல்ச்சேயின் அந்த ஆண்டை ஒருமுறை படிக்க வேண்டும்.

பிறகு மயோர்க்கா, மீண்டும் இரண்டாம் பிரிவு. அதன்பின் 2016 இல் முதன்முறையாக ஸ்பெயினுக்கு வெளியே, சைப்ரஸின் தோக்சா கட்டோகோபியாஸ் கழகத்துக்குப் போனார். கட்டோகோபியா என்பது சைப்ரஸின் ஒரு கிராமம். 1974 துருக்கியப் படையெடுப்புக்குப் பின் அந்தக் கிராமம் வடபகுதியில் அகப்பட்டுக்கொண்டது. கிரேக்கச் சைப்ரஸ் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். கழகமும் அவர்களோடு வெளியேறி, தெற்கே பெரிஸ்தெரோனாவில் வேரூன்றியது. ஊர் கைவிட்டுப் போன பிறகும் ஊர்ப்பெயரைச் சுமந்து ஆடும் கழகங்கள் சைப்ரஸில் வேறு சிலவும் உண்டு.

கோவா

2017 இல் கோவா அணிக்கு செர்ஹியோ லோபெரா பயிற்சியாளராக வந்தார். பார்சிலோனா கழகத்தின் இளையோர் பிரிவில் பணியாற்றியவர். குறுகிய பாஸ்கள், பந்தை விட்டுக்கொடுக்காமை, இழந்த பந்தை எதிரணிப் பாதியிலேயே மீட்பது என்ற முறையை அப்படியே மட்காவ் நகரின் ஃபடோர்டா அரங்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கேற்ற வீரர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் ஒருவர் 34 வயதான கோரோ. மற்றொருவர், எஸ்பன்யோலில் ஆடிய அனுபவம் கொண்ட மனுவேல் லான்சரோட்டே.

மேலே ஒரு குறையைச் சொன்னேன்: பந்தைக் கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டும் என்று. கோவாவில் அந்தக் குறை தீர்ந்தது. லான்சரோட்டே, எது பேதியா, அகமது ஜாஹு, பின்னர் வந்த ஹூகோ பூமூஸ், கோவாவின் மைந்தர் பிராண்டன் பெர்னாண்டஸ் என்று நடுக்களம் முழுவதும் பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர்கள். கோரோ பதினைந்து ஆண்டுகளாகச் செய்துவந்த அதே ஓட்டத்தை ஓடினார். இம்முறை ஓட்டத்தின் முடிவில் பந்து இருந்தது.

2017 நவம்பர் 30 அன்று பெங்களூரு அணிக்கு எதிராக மூன்று கோல்கள். ஆட்டம் 4–3. டிசம்பர் 9 அன்று கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக மீண்டும் மூன்று, அதுவும் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஏழே நிமிடங்களுக்குள். முதல் ஆண்டின் முடிவில் 18 கோல்களுடன் தங்கக் காலணி விருது. லான்சரோட்டே 13. இருவரும் சேர்ந்து 31.

அந்த ஆண்டு அரையிறுதியில் கோவாவுக்கு எதிரணி சென்னையின் எஃப்.சி. ஃபடோர்டாவில் 1–1. சென்னை நேரு விளையாட்டரங்கில் 2018 மார்ச் 13 அன்று நடந்த இரண்டாம் ஆட்டத்தில் சென்னை 3–0 என்று வென்றது. ஜெஜே இரண்டு கோல், வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் ஒன்று. லீக்கிலேயே மிகக் கூர்மையான முன்கள வீரரால் அன்று ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. சென்னை பின்னர் பட்டத்தையும் வென்றது.

அடுத்த ஆண்டு 16 கோல்கள். மீண்டும் தங்கக் காலணி, கூடவே ஆண்டின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து. அணி இறுதிக்குச் சென்றது. மும்பையில் 2019 மார்ச் 17 அன்று, கூடுதல் நேரமும் முடிய மூன்றே நிமிடங்கள் இருந்தபோது பெங்களூருவின் ராகுல் பேக்கே தலையால் அடித்த கோலில் கோவா தோற்றது. நான்கு வாரம் கழித்து புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை இறுதி. எதிரணி மறுபடியும் சென்னை. கோரோ முதல் கோல் அடிக்க, ரஃபேல் அகுஸ்தோ சமன் செய்ய, பிராண்டன் வெற்றி கோலை அடித்தார். 2–1. 2006 இல் மாட்ரிட்டில் தூக்கிய கோப்பைக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் ஒரு கோப்பை இறுதியில் கோரோவின் கோல்.

48 கோல்களை எப்படி மதிப்பிடுவது?

இந்தியன் சூப்பர் லீக் 2014 இல் தொடங்கப்பட்டது. கோரோ ஆடிய ஆண்டுகளில் பத்துக் கழகங்கள். கடைசி இடத்தில் முடித்தாலும் அப்போது யாரும் கீழே இறங்கியதில்லை. களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர் ஆட அப்போது அனுமதி இருந்தது. அந்த ஐந்தில் ஒருவராகத் தரமான கோல் அடிப்பவரை வாங்குவது எல்லாக் கழகங்களின் முதல் வேலை. விளைவு, நடுமுன்கள இடத்தில் இந்திய இளைஞர்களுக்கு வாய்ப்பு சுருங்கியது. சுனில் சேத்ரி, ஜெஜே போன்ற சிலரே தாக்குப்பிடித்தனர். கோரோ முதல் தங்கக் காலணி வென்ற ஆண்டில் சேத்ரி 14 கோல் அடித்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே, '35 வயதில் ஸ்பெயினின் இரண்டாம் பிரிவு வீரர் இங்கே அரசராகிவிட்டார், நம் லீக்கின் தரம் இவ்வளவுதான்' என்று சொல்வோர் உண்டு. அதில் பாதி உண்மை. இங்கிருந்த தடுப்பாட்டம் ஸ்பெயினின் தடுப்பாட்டத்தைவிட எளிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில் கோரோவைவிடப் பெரிய பெயர்களோடு வந்து, மூச்சு வாங்கி, ஓர் ஆண்டில் மூட்டை கட்டியவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே தடுப்பாட்டம்தான். எனவே தரத்தை மட்டும் காரணம் காட்டுவது போதாது. கோரோ ஒருபோதும் நட்சத்திரமாக இருந்ததில்லை. அதனால் நட்சத்திரமாக நடத்தப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. மாற்று வீரராகவும் ஓரத்து வீரராகவும் இரவல் வீரராகவும் இருந்து கற்ற ஒழுக்கம், மார்ச் மாதத்து வெயிலிலும் அவரை முன்னின்று பந்தை மீட்க ஓட வைத்தது. அதை நேரில் பார்த்த கோவாவின் இளைஞர்களுக்கு அது ஒரு பாடமாக இருந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

மூன்றாம் ஆண்டான 2019–20 இல் 14 கோல்கள். அவ்வாண்டு சென்னையின் நெரியுஸ் வால்ஸ்கிஸ், கேரளாவின் பார்த்தலோமியூ ஓக்பெச்சே, ஏ.டி.கே.யின் ராய் கிருஷ்ணா மூவரும் 15 கோல்கள் அடித்தனர். ஒரே கோல் குறைவாக அடித்த கோரோவிடமிருந்து தங்கக் காலணி விலகிப்போய், வால்ஸ்கிஸ் வழியாகச் சென்னைக்கு வந்தது. ஆனால் லீக் சுற்றில் கோவா முதலிடம் பிடித்தது. 2020 பிப்ரவரி 19 அன்று ஜாம்ஷெட்பூரை 5–0 என்று வென்றபோது, ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியக் கழகமானது. கட்டமைத்த லோபெரா அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தார். கால்பந்து நிர்வாகங்களின் பொறுமையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அரையிறுதியில் மறுபடியும் சென்னை. சென்னையில் 4–1 என்று தோற்ற கோவா, ஃபடோர்டாவில் 4–2 என்று வென்றும், மொத்தக் கணக்கில் 6–5 என்று வெளியேறியது. கொரோனா அச்சத்தால் இறுதி ஆட்டம் பார்வையாளர் இன்றி நடந்தது. நடந்த இடம் அதே ஃபடோர்டா. கோவா அணி மட்டும் களத்தில் இல்லை.

கோரோ அதன்பின் கோவாவுக்காக ஆடவில்லை. அவர் விடைபெற்றபோது இந்தியன் சூப்பர் லீக்கின் வரலாற்றில் மிக அதிக கோல் அடித்தவர் அவரே. ஓக்பெச்சேயும் சேத்ரியும் பின்னர் அந்த எண்ணைக் கடந்தனர். அவர் உழைத்துச் சேர்த்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் 2021 ஏப்ரலில் ஃபடோர்டாவிலேயே நடந்தன, அவர் இல்லாமல்.

2020 ஜூலை 8 அன்று, பார்சிலோனாவின் காம்ப் நோ அரங்கில் தோற்ற எஸ்பன்யோல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கோரோவின் கோல் தள்ளிவைத்த இறக்கம் பதினான்கு ஆண்டுகள் கழித்து, அண்டை வீட்டுக்காரரின் முற்றத்தில் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே அந்தக் கழகம் முதற்பிரிவுக்குத் திரும்பிவிட்டது.